ஏரல் வீட்டில் போட்டுப் பார்க்காத மிஷின்

“ஏரல். சிவனணைந்தபெருமாள், வாழைத்தார் கமிஷன் கடை. ஐந்நூறு வி.ஏ. இன்வெர்ட்டர் ஒன்று, பாட்டரி ஒன்று. ஃபேன் இரண்டு, டியூப் லைட் இரண்டு, டிவி ஒன்று, மூச்சு மிஷின் ஒன்று. எல்லாம் போட்டுப் பார்த்தது. சரி.”

இது 1997 ஆவணி மாதம் நான் எழுதிய வேலைச் சீட்டு. தேதி எழுதிய மூலை ஈரத்தில் அழிந்துவிட்டது. வளர்பிறை முகூர்த்த நாள் என்பது மட்டும் நிச்சயம்; அன்று ஏரல் பஸ்ஸில் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே ஒரு காலில் நின்றுகொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. சீட்டில் கடைசி வரிக்கு முந்தின வரி பொய்.

நம் சங்கத்து மலரில் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரே இன்வெர்ட்டர் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நல்லபடியாக முடிந்த வேலைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் பழைய சீட்டுக் கட்டுகளைப் பிரித்தேன். பழைய அதிகாரிகளின் நாட்குறிப்புகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆற்றில் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்று துல்லியமாக எழுதியிருப்பார்கள். மதகை எப்போது திறக்கச் சொல்லியிருக்க வேண்டும், ஏன் சொல்லவில்லை என்பதை எழுதியிருக்க மாட்டார்கள். படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு இந்தச் சீட்டை ஒதுக்கி வைக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்குவது பெரிய காரியம். ஸ்கூட்டர் வாங்குவது போலத்தான். நல்ல நாள் பார்ப்பார்கள். பாட்டரிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். சூடம் காட்டுவார்கள். பிறகு நாங்கள் மெயினை அணைப்போம். ஒரு நொடி வீடு அமைதியாகி, மறுபடியும் ஃபேன் சுற்றும். வீட்டில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கேசரி தருவார்கள். இதுதான் எங்களுடைய சோதனை. சோதனையா விசேஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கும்.

ஏரல் வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கியது ஃபேனுக்காக இல்லை. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவர் பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டீச்சருக்கு இழுப்பு. அடைமழைக் காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும். சவூதியில் வேலை பார்த்த அவர் தம்பி ஒரு மிஷின் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூக்கிலும் வாயிலும் விடுகிற சின்னப் பெட்டி. அதைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மூச்சு சரியாகும். ஆனால் ஏரலில் மழை வந்தால் கரண்ட் இருக்காது. முந்தின ஐப்பசியில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, கரண்ட் வருமா வருமா என்று அவர் உட்கார்ந்திருந்த கதையை அண்ணாச்சியே கடையில் வந்து சொன்னார்.

நான் பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் கூட்டினேன். ஃபேன், லைட், டிவி, மிஷின். இன்வெர்ட்டரின் அளவுக்குள் வந்தது, மயிரிழையில். “பத்து நிமிஷம் ஓடுத சாமான்தான அண்ணாச்சி, கவலைப்படாதிய” என்றேன்.

என் கூட்டலில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன மோட்டார் காற்றை அழுத்துகிறது. எந்த மோட்டாரும் ஓடும்போது குடிப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு குடிக்கும். அன்றைய நம் இன்வெர்ட்டர்கள் கொடுத்த கரண்டின் அலை வேறு கட்டம் கட்டமாக இருக்கும்; மோட்டாருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்கு முந்தின மாதம் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் மிக்ஸி சுற்றாமல் உறுமியது. அன்றிலிருந்து போகிற வீடெல்லாம் மிக்ஸி போடாதீர்கள், கிரைண்டர் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மூச்சு மிஷினுக்கு அடுத்த பெரிய அளவு வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. பெரியது என்றால் இரண்டு பாட்டரி, சரக்கு மதுரையிலிருந்து வர வேண்டும், முகூர்த்த நாள் தவறும், அண்ணாச்சி தூத்துக்குடிக் கடைக்குப் போய்விடுவார். மாட்டும் அன்று போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் அப்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மாட்டும் நாளும் வந்தது. மெயினை அணைத்தேன். ஃபேன் சுற்றியது, டிவி வந்தது. அண்ணாச்சியின் அக்கா கோமு, கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு இருந்தவர், பாட்டரிக்குக் காட்டிய சூடத்தட்டைக் கையில் வைத்தபடி நின்றார். அந்த வீட்டில் எதை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் அவர் சொல்படிதான். அப்போது டீச்சர் உள்ளே போய், துண்டில் சுற்றிய மிஷினை நிலைவாசல் வரை எடுத்து வந்தார்.

கோமு அக்கா அவரை அங்கேயே நிறுத்தினார்.

“நல்ல நாளும் அதுவுமா அந்தச் சீக்கு மிஷின எதுக்கு நடுவீட்டுக்குக் கொண்டாந்த? உள்ள வையி. பொறவு பாத்துக்கிடலாம்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “போட்டுப் பாக்காண்டாமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும், இதற்காகத்தானே வாங்கினீர்கள் என்பது. அக்கா முகம் சுளித்திருப்பார். அண்ணாச்சி நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்பார். மிஷின் உறுமியிருக்கும். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாட்டரியைக் கழற்றியிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

“அவசியமில்ல டீச்சர்,” என்றேன். “ஃபேன் ஓடுதுல்லா? அதுவும் ஓடும்.”

சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியவர்களின் நம்பிக்கைக்கு மரியாதை கொடுப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த நம்பிக்கை என்னைக் காப்பாற்றிவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டேன். திண்ணமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. கேசரி சாப்பிட்டேன். சீட்டில் எல்லாம் போட்டுப் பார்த்தது என்று எழுதி அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் படிக்காமலே போட்டார்.

ஐப்பசி பிறந்து சில நாட்களில் மழை பிடித்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜங்ஷன் கடையில் போன் அடித்தது. ஏரலிலிருந்து அண்ணாச்சி.

“தம்பி, மிஷினு ஓட மாட்டேங்கு. உர்ருனு சத்தம் மட்டும் கேக்கு. அப்புறம் சேப்பு லைட்டு எரிஞ்சு வீடே அணைஞ்சு போவுது.”

நான் கேட்ட முதல் கேள்வி, “டிவி ஓடுதா அண்ணாச்சி?” என்பது.

காலையிலிருந்து கரண்ட் இல்லை, டிவியும் ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தன என்றார். பாட்டரி இறங்கியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மிஷினை மட்டும் போடச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். காத்திருந்தேன். வந்து, உறுமுகிறது என்றார். இன்வெர்ட்டரை அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடச் சொன்னேன். போனார், வந்தார். உறுமுகிறது. பாட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், வயரைத் திருகி இறுக்குங்கள் என்றேன். மறுபடி போனார்.

அவர் போய்வருகிற இடைவெளிகளில் போனில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லியதாக, இழுத்து இழுத்து. மழை நாளில் லைன் இப்படித்தான் இரையும் என்று நினைத்துக்கொண்டேன். போன் இருந்தது நடுவீட்டில். டீச்சர் உட்கார்ந்திருந்ததும் நடுவீட்டில்தான் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஏரலில் ஒரு மனுஷி மூச்சுக்குத் தவிக்கிறார். நான் என் இன்வெர்ட்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்த மோட்டார் கிளம்பிவிட்டால் நான் ஆவணியில் சொன்ன வாக்கு பொய் ஆகாது. அதற்காக அண்ணாச்சியை, இன்வெர்ட்டர் இருந்த மாடிப்படியடிக்கும் நடுவீட்டுக்குமாக ஓட வைத்தேன். பதற்றத்தில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் பதறவில்லை. என் குரல் நிதானமாகத்தான் இருந்தது. இந்த மாதிரி நேரங்களில் நிதானமான குரலைக் கேட்டால் எதிரில் இருப்பவர் சொன்னதைச் செய்துகொண்டே இருப்பார். அவரும் செய்தார்.

“டிவி வயரப் பிளக்குலேர்ந்தே உருவிடுங்க அண்ணாச்சி, இன்னொரு தடவ…” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் செத்துவிட்டது. திரும்பப் போட்டேன். கிடைக்கவில்லை. அன்றைய என் குறிப்பில், ‘ஏரல் போன். பிற்பகல். லைன் அறுந்தது’ என்று இருக்கிறது.

முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

“என்னலே ஓடலைங்காரு?”

“அந்த மூச்சு மிஷினு.”

“அவுக வாங்குனதே அதுக்குத்தானலே.” பிறகு, “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொன்னியா?” என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. அவர் மேற்கொண்டு திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். என்னோடு உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை ஏரலுக்குப் போனேன். வீட்டில் கோமு அக்கா மட்டும் இருந்தார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. வாழைத்தார் ஏற்றுகிற மினி லாரியில், டீச்சரை முன்சீட்டில் உட்கார வைத்துப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஊசி, ஆக்ஸிஜன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் பேச ஆரம்பித்து, வீட்டார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

“உசுருக்கு ஒண்ணுமில்ல தம்பி,” என்றார் அக்கா. எனக்கு அவர் ஆறுதல் சொன்னார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாம் என்னாலதான்” என்றார். “அன்னைக்கு அவ கொண்டாந்தா. நான்தான் நல்ல நாளுன்னு எடுக்க விடல. போட்டுப் பாத்திருந்தா நீங்க அன்னைக்கே சரி பண்ணியிருப்பிய. என் வாயி சும்மா கெடந்திருக்கலாம்.”

வீட்டில் எல்லோரும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து அண்ணாச்சி அக்காவிடம் கோபமாக ஏதோ பேசியும் இருக்கிறார். அக்காவுக்கு இரவெல்லாம் அழுத கண்.

இங்கேதான், தம்பிகளே, தங்கைகளே, நான் செய்த மூன்றாவது காரியம். முதல் இரண்டையும் தொழிலில் நடந்த தவறு என்று யாராவது பெரிய மனசோடு சொல்லக்கூடும். இதைச் சொல்ல முடியாது.

“விடுங்கக்கா,” என்றேன். “தெரியாமத்தான செஞ்சிய.”

நான் அவரை மன்னித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காப்பி போட்டுத் தந்தார். குடித்தேன்.

மதுரையிலிருந்து பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பாட்டரியும் வந்ததும், பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதை மாட்டினோம். முதலாளியே உடன் வந்தார். அன்று கரிநாள். காலண்டரைப் பார்த்துவிட்டு நான் தயங்கினேன். கோமு அக்கா கேட்கவே இல்லை. மெயினை அணைப்பதற்கு முன்பே அந்த மிஷினைத் துண்டோடு தூக்கி வந்து நடுவீட்டில் வைத்தார். பாட்டரிக்கு வைக்கும் முன்னால் அதற்குச் சந்தனம் வைத்தார். “மொதல்ல இத ஓட்டுங்க. மத்ததெல்லாம் கெடக்கட்டும்” என்றார். எல்லா ஃபேனும் லைட்டும் எரிய, டிவி ஓட, மிஷினைப் போட்டேன். கிளம்பிவிட்டது. டீச்சர் அதன் முனையில் வருகிற காற்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்டது, எது ஓடாவிட்டால் உங்களுக்குத் தாங்காது என்பதுதான். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் பெரும்பாலும் ஃபேன் என்பார்கள். உள்ளே போய்க் கேட்டால் வேறு பதில் வரும். அந்தப் பதிலில் வருகிற சாமானை முதலில் போட்டுப் பார்த்தேன், பாட்டரியைப் பாதி இறக்கிவிட்டு. நல்ல நாள் என்று யாராவது தடுத்தால், மறுநாள் மறுபடி வந்து பார்க்காமல் சீட்டில் கையெழுத்து வாங்கவில்லை. போனில் யாராவது ஓடவில்லை என்றால், யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். இதையெல்லாம் கேட்டு என்னைக் கவனமான ஆள் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளவும் எனக்குக் கூசும்.

கோமு அக்கா 1999 தையில் இறந்துபோனார். நெஞ்சுவலி. கேள்விப்பட்டு, துஷ்டி கேட்க ஏரலுக்குப் போனேன். அண்ணாச்சி நாற்காலி போடச் சொன்னார். அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆவணி கடைசியிலிருந்து கார்த்திகை வரை, வெள்ளிக்கிழமை விடாமல், விளக்கேற்றியதும் மெயினை அணைத்து அந்த மிஷினை ஓட்டிப் பார்ப்பாராம் அக்கா. மருந்து இல்லாமல் வெறுமே. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தானாம். “உங்க வேலையெல்லாம் அவளே பாத்தா வே” என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் சொன்னேன். அந்த மிஷின் ஓடாமல் போகலாம் என்று எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது, அக்கா தடுத்ததும் நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன், அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார்.

“இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? அவகிட்டல்லா சொல்லியிருக்கணும்.”

பிறகு அவராகவே அந்த மழை நாளைப் பற்றிப் பேசினார். லைன் அறுந்தது என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார். லைன் எங்கே அறுந்தது, நீர் பேசிக்கிட்டே இருந்தீரு, நான் ஓடிக்கிட்டே இருந்தேன், அக்காதான் என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கி வச்சா, ‘அவரு பேசிக்கிட்டேதான் இருப்பாரு, நீ போயி வண்டிய எடு’ன்னா என்றார்.

டீச்சரிடம் கேட்டேன். அவர் அப்போதும் அந்தப் பள்ளியில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு அப்படி நினைவில்லை என்றார். போன் தானாகவே செத்தது, அண்ணாச்சி ஹலோ ஹலோ என்று கத்தினார், அதன் பிறகுதான் அக்கா வண்டியை எடுக்கச் சொன்னார் என்றார். ஆனால் அப்போது தான் இருந்த நிலையில் எதைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். அன்று ஏரல் பக்கம் லைன் பழுதானதா என்று டெலிபோன் ஆபீசில் விசாரித்தேன். அவ்வளவு பழைய புகார்ப் பதிவு எதுவும் அவர்களிடம் இல்லை. கோமு அக்காவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவர் இருந்த காலத்தில் அந்த நாளைப் பற்றி அவரிடம் பேச்செடுக்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆகவே அந்த போனை வைத்தது மழையா, அவரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ‘லைன் அறுந்தது’ என்ற என் குறிப்பை அடிக்காமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.